ரோஸ் வீட்டு நேர்த்திக்கடன்

காம்பெச்சே நகரத்தின் பழைய கோட்டைச் சுவருக்குள் இருக்கிற தன் வீட்டை விற்றுவிட்டு வெளியே போய்விடுவது என்று நசாரியோ எஹுவான் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அப்போது அவர் பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பப்பாளி தின்றுகொண்டிருந்தார். அந்த ஜன்னலுக்கும் நடைபாதைக்கும் நடுவே இரும்புக் கம்பி மட்டும்தான். டிராம் வேஷம் போட்ட சுற்றுலா பஸ் வந்து நின்றது. வழிகாட்டி மைக்கை வாயில் வைத்தான்.

"வலது பக்கம் பாருங்க. இந்த ரோஸ் வீட்லதான் பயங்கரமான கடற்கொள்ளையன் ஒருத்தன், ஒரு விதவையோட ஒளிஞ்சிருந்தான்."

போன வாரம் அவன் தனியாகத்தான் ஒளிந்திருந்தான். விதவை புதிது.

"ஜன்னல்ல இருக்கறவர் யாரு?" என்று தொப்பி போட்ட ஓர் அம்மாள் கேட்டாள்.

"அவரும் அந்தக் காலத்து ஆள்தாம்மா."

பஸ் மொத்தமும் சிரித்தது. பஸ் மொத்தமும் படம் எடுத்தது. நசாரியோ வாயில் பப்பாளி. துப்பினால் அதுவும் படத்தில் வரும். விழுங்கலாம் என்றால் தொண்டை ஒத்துழைக்கவில்லை.

பஸ் போனபிறகு உள்ளே திரும்பினார். "விதவைய யாரு சேர்த்தது?"

"பாவம், கொள்ளையன் எத்தனை நாள் தனியா இருப்பான்?" என்றாள் கசிமீரா.

கசிமீரா அவர் மனைவி. கொள்ளையனும் அவள் கொடுத்தவன்தான். வழிகாட்டி வெயிலில் வந்து ஜன்னலில் தண்ணீர் கேட்பான். இவள் தண்ணீரோடு கொஞ்சம் சரித்திரமும் கொடுத்து அனுப்புவாள்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இருநூறு வருஷத்துக் கட்டடம். சுவர் ஒரு ஆள் படுக்கிற அகலம். கூரை அத்தனை உயரம். பல்பு போய்விட்டால் மாற்றுவதற்குத் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாமா என்று தோன்றும். கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து சுண்ணாம்பைத் தின்றுவிட்டுப் போகும். சொந்த வீடுதான். ஆனால் என்ன நிறம் அடிப்பது என்று தீர்மானிக்கிறது மரபுக் கட்டட அலுவலகம். நசாரியோவுக்கு நீலம் பிடிக்கும். பக்கத்து வீடு முந்திக்கொண்டு நீலம் வாங்கிவிட்டது. இவருக்கு ரோஸ் வந்தது. துறைமுகத்து ஐஸ் ஆலையில் முப்பது ஆண்டு மேற்பார்வையாளராக இருந்து ஆட்களை நடுங்கவைத்த மனுஷன். தபால்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் "ரோஸ் வீட்டுக்காரர்".

சுவரில் ஆணி அடிப்பதற்கும் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் எதை மாட்ட நினைத்தோம் என்பதே மறந்துவிடும்.

இதையெல்லாம் நசாரியோ பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். கார்.

கோட்டைக்குள் இருக்கிற தெருக்கள் கழுதைக்காகப் போட்டவை. அவருடைய கார் இரவு பகலாகக் கடற்கரைச் சாலையில் நின்றது, நான்கு தெரு தள்ளி. பெலிக்கன் பறவைகள் அதன்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தன, பார்த்ததோடு நிற்கவில்லை. தினமும் காலையில் நசாரியோ வாளியும் துணியுமாக அங்கே நடந்து போய், துடைத்துவிட்டுத் திரும்பி வருவார். காரை ஓட்டியதைவிடக் காரைப் பார்க்க நடந்தது அதிகம்.

ஊருக்கு வெளியே புதிய குடியிருப்பு ஒன்று வந்திருந்தது. போய்ப் பார்த்தார். தரகன் ஒரு பொத்தானை அமுக்கினான். வீட்டின் ஷட்டர் தானாக மேலே போயிற்று. உள்ளே காருக்கென்று ஓர் அறை. கூரையோடு. விளக்கோடு. நசாரியோ பொத்தானை வாங்கித் தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. தரகன்தான் கடைசியில் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

பப்பாளி ஞாயிறு அன்று மதியம், சுறாமீன் அடை சாப்பிட்டு முடித்ததும், விஷயத்தைச் சொன்னார்.

"வீட்ட வித்துடலாம்னு இருக்கேன்."

"எந்த வீட்ட?"

"நமக்கு எத்தன வீடு இருக்கு? இதத்தான். ஒரு ஓட்டல்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். வெளிய புது வீடு வாங்கலாம். ஷட்டர் வெச்சது."

"போயேன்."

"நீ?"

"நான் இங்கதான் இருப்பேன். ஓட்டல்காரன்கிட்ட சொல்லிடு, ரூமுக்கு ஒரு பொம்பளை சேத்திதான்னு."

"கசிமீரா, நான் வெளையாடல."

"நானும்தான். கிழவா, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அங்க ஜன்னல்ல நின்னா யாரு வருவா?"

"யாரும் வரமாட்டாங்க. அதான் விசேஷமே."

"எதிர்ல என்ன தெரியும்?"

"எதிர் வீட்டு ஷட்டர்."

"ஷட்டர்கிட்ட நான் என்ன பேசறது?"

கசிமீரா காலையில் ஜன்னலைத் திறந்தால் ஊர் அந்த வழியாகத்தான் நடக்கும். ரொட்டிக்காரன் நிற்பான், பாதிரியார் நிற்பார், விவாகரத்து வக்கீல் நிற்பான். யாருக்கு எங்கே வலி, யார் பெண்ணை யார் பையன் பார்க்கிறான், எல்லாம் கம்பி வழியாக உள்ளே வந்து, கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்து, கம்பி வழியாகவே வெளியே போகும். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது.

நசாரியோ பக்கத்து நீல வீட்டுக்குப் போனார். அங்கே எர்மீலோ இருந்தார். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். ஊரில் பாதிப் பேர் அவரைக் கண்டால் இன்னும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"நேராப் போய்க் கேட்டியா?" என்றார் எர்மீலோ.

"கேட்டேன்."

"தப்பு. பல்லுக்கிட்ட போய் 'வெளிய வா'ன்னு கேட்டா வருமா? ஆட்டணும். கொஞ்சம் கொஞ்சமா ஆட்டணும். அந்த வீட்ல இருக்க முடியலைன்னு அவளே சொல்லணும்."

"எப்படி ஆட்டறது?"

"சத்தம். கூட்டம். பொம்பளைங்களுக்குத் தரை அழுக்கானா ஆகாது."

நசாரியோ முதலில் சத்தத்தை முயன்றார். முன்கூடத்தை ஒரு டிரம்பெட் வாத்தியாருக்கு மாலை நேரத்தில் இலவசமாகக் கொடுத்தார். முதல் நாள் வாத்தியார் ஊதினார், சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டாம் நாள் கசிமீரா அவரிடம் பழைய காதல் பாட்டு ஒன்று கேட்டாள். மூன்றாம் நாள் தெருவே நடைபாதைக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. நான்காம் நாள் நடனம். கசிமீரா ஆடுவதற்கு ஆள் தேடினாள். நசாரியோ ஆட வேண்டியதாயிற்று. முட்டி பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் வாத்தியாரை அவரே அனுப்பிவைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஜன்னலில் ஒப்தூலியா வந்து நின்றாள்.

ஒப்தூலியா படகுத் தச்சர் சங்கத்தின் தலைவி. நசாரியோவின் அப்பா படகுத் தச்சர். அந்த வழியில் இவரும் சங்கத்து ஆள், பெயரளவில். சங்கத்துக்கு, கடலோடிகளைக் காக்கிற புனித தெல்மோவின் கொடிகள் உண்டு. பட்டு, சரிகை, குஞ்சம். வருஷத்துக்கொரு முறை, திருவிழா நாளில், அவை ஒரு வீட்டிலிருந்து ஊர்வலமாகக் கோயிலுக்குப் போகும். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில்தான் குடியிருக்கும். கொடி குடியிருக்கிற வீட்டுக் கதவைப் பகலில் சாத்தக்கூடாது. யார் வேண்டுமானாலும் வருவார்கள், முழங்காலிடுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

நசாரியோ உள்ளே வலை ஊஞ்சலில் படுத்திருந்தார். ஒப்தூலியாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கசிமீரா! இந்த வருஷம் கொடி யாரு வீட்டுக்குப் போகும்னு தெரியல. உங்க வீட்டுக்கு வந்துச்சுன்னா?"

"ஐயையோ! வேணாம் தாயே! என்னால முடியாது. அந்தக் கூட்டம், அந்த மெழுகு, தரையெல்லாம் மிதி. செத்தே போயிடுவேன்."

"சீட்டு விழுந்துட்டா என்ன பண்ணுவ?"

"வீட்ட விட்டே ஓடிடுவேன். எங்கயாவது வெளிய, புதுசா கட்டுறாங்களே, அங்க போயிடுவேன்."

பிறகு மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. கசிமீரா அழுதுகொண்டிருந்தாள்.

நசாரியோ வலை ஊஞ்சலில் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஐஸ் ஆலை நாட்களுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

சங்கக் கூட்டம் அந்த வாரக் கடைசியில். கடல் வாசலுக்குப் பக்கத்தில் சின்னக் கோயில், அதன் பின்கூடம். அப்பா செத்தபிறகு நசாரியோ அங்கே கால் வைத்ததில்லை. எல்லோரும் தங்கள் பெயர் எழுதிய சீட்டை ஒரு தொப்பியில் போட்டுவிட்டுக் கடவுளிடம் அது வெளியே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்தூலியா தொப்பிக்குள் கையை விடப் போனாள்.

நசாரியோ கையைத் தூக்கினார்.

விசிறிகள் நின்றன. ஒரு குழந்தைகூட அழவில்லை.

"நசாரியோ," என்றாள் ஒப்தூலியா, "கையத் தூக்கினியா, கொசு அடிச்சியா?"

"தூக்கினேன்."

"கொடி உன் வீட்டுக்கா?"

"என் வீட்டுக்கு."

"சீட்டு விழாம? யாரும் கேக்காம? நீயா?"

"நானாத்தான். அதுக்கென்ன?"

ஒப்தூலியா சிலுவை போட்டுக்கொண்டாள். தொப்பியைக் கவிழ்த்துவைத்தாள். "அப்ப இது நேர்த்திக்கடன்."

நசாரியோவுக்கு ஏதோ மங்கலாக நினைவு வந்தது. சின்ன வயதில் அப்பா சொல்லியிருக்கிறார். இவர் காதில் வாங்கவில்லை. அந்தச் சங்கத்தில் சும்மா யாரும் கை தூக்குவதில்லை. சீட்டில் வந்த கொடி ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போய்விடும். கை தூக்கி வாங்கிய கொடி அப்படியில்லை. அது வேண்டுதலுக்கு வந்த கொடி. வேண்டினது கிடைக்கும்வரை அந்த வீட்டை விட்டு நகராது. யாருக்காக வேண்டினோமோ அவர் திருவிழா அன்று கொடி முன்னால் நின்று, தன் வாயால் "நிறைஞ்சது" என்று சொல்ல வேண்டும். அதுவரை அந்த வீட்டை விற்கக்கூடாது, பூட்டக்கூடாது, குடிபெயரக்கூடாது. மீறினவன் படகைப் புனித தெல்மோ கவிழ்த்துவிடுவார். நசாரியோவிடம் படகு இல்லை. கார் இருந்தது.

"சொல்லு," என்றாள் ஒப்தூலியா. "யாருக்காக நேர்ந்துக்கிட்ட?"

கூடம் முழுக்க அவரையே பார்த்தது. பெண்டாட்டியை வீட்டை விட்டுத் துரத்துவதற்காக என்று கோயிலில் சொல்ல முடியாது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"என் மனைவிக்காக."

"கசிமீராவுக்கா? ஐயோ, அவளுக்கு என்ன? நேத்துகூட நல்லா இருந்தாளே. கட்டியா?"

"கட்டியெல்லாம் இல்ல!"

"பின்ன?"

"அவ... வந்து... அவ சந்தோஷமா இருக்கணும்னு."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பித் தங்கள் தங்கள் கணவர்களைப் பார்த்தார்கள். கணவர்கள் நசாரியோவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அன்பு இல்லை.

"நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணி," என்று ஒப்தூலியா கைக்குட்டையை எடுத்தாள், "பொண்டாட்டி மனசு நிறையணும்னு நேர்ந்துக்கிட்டவனை நான் இந்தச் சங்கத்துல பாத்ததில்ல."

வீட்டுக்கு நடந்து போகும்போது நசாரியோ தன்னைத் தேற்றிக்கொண்டார். இதுவும் நல்லதுதான். கூட்டம் வரும். தரை நாறும். கசிமீரா திருவிழாவரைகூடத் தாங்கமாட்டாள். கொடி தொலைந்தால் போதும் என்று, முதல் கேள்விக்கே "நிறைஞ்சது" என்று கத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவாள். தெருமுனையில் எர்மீலோவிடம் சொன்னார். எர்மீலோ யோசித்தார்.

"ஆட்டம் சரிதான்," என்றார். "ஆனா யாரு பல்லு ஆடுதுன்னுதான் தெரியல."

மறுநாள் காலை கொடிகள் வந்தன. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் வாணம், நடுவில் ஒப்தூலியா. நசாரியோ வாசலில் ஓரமாக நின்றார், மனைவி மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்கலாமென்று.

கசிமீரா புதுப் பூவேலை உடுப்பில் வந்து நின்றாள். தரை பளபளத்தது. கொல்லையில் வான்கோழி கருங்குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழம்புக்கு மிளகாயைக் கரியாக வறுத்து ஊறவைக்கவே ஒரு முழு நாள் வேண்டும். முன்கூடத்துச் சுவரில், நட்ட நடுவில், கொடிக்கம்பைத் தாங்குகிற பெரிய பித்தளைக் கொக்கி ஒன்று பதிந்திருந்தது. ஒப்தூலியா வந்த வேகத்தில், வழி கேட்காமல், கொடியை நேராக அதில் மாட்டினாள். அளவு எடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

கூட்டம் சாப்பிட்டுப் போனபிறகு நசாரியோ கொக்கியைப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"நேத்து. நீ சங்கத்துக்குப் போனப்ப."

"அலுவலகத்துல அனுமதி?"

"வாங்கிட்டேன்."

"அனுமதிக்கு ஆறு மாசம் ஆகுமே."

"ஆமா," என்றாள் கசிமீரா. "ஆறு மாசம் ஆச்சு."

நசாரியோ நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் வீட்ட விக்கணும்னு சொன்னதே போன மாசம்தானே?"

"முழிச்சிருக்கும்போது போன மாசம். தூக்கத்துல 'ஷட்டர் ஷட்டர்'னு சொல்ல ஆரம்பிச்சது போன கிறிஸ்துமஸுக்கு. மொதல்ல ஏதோ பொம்பளை பேருன்னு நெனச்சேன்."

"வேணாம்னு அழுதியே? மூக்கெல்லாம் சிந்தினியே?"

"நல்லா அழுதேன், இல்ல?"

"அப்ப ஒப்தூலியா?"

"உனக்குக் காது கொஞ்சம் மந்தம்னு சொல்லியிருந்தேன். அதான் சத்தமாக் கேட்டா."

கசிமீரா வந்து அவர் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"ஆனா ஒண்ணு, கிழவா. நீ கை தூக்குவன்னுதான் எனக்குத் தெரியும். வேண்டுதலுக்கு ஏதாவது முட்டி வலின்னு சொல்லுவன்னு நெனச்சேன். என் சந்தோஷத்துக்குன்னு சொன்ன பாரு, அது நான் சொல்லிக் குடுக்கல. அது நீயே."

அதன் பிறகு அந்த வீட்டில் கதவு என்பது பேச்சுக்குத்தான். காலையில் ஜெபமாலை, மதியம் சமையல், மாலையில் கச்சேரி. மெழுகுவத்திப் புகையில் நசாரியோவுக்கு இருமல் வந்தது. அவர் வலை ஊஞ்சலில் யாரோ ஒரு மீனவர் தினமும் மதியம் தூங்கினார். யாரென்று கேட்டதற்குக் கொடியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். சுற்றுலா பஸ் இப்போது இரண்டு முறை நின்றது. கசிமீரா இளைப்பாள் என்று பார்த்தால், பத்து வயது குறைந்து போனாள். ஜன்னல் வழியாக வந்த ஊர், இப்போது வாசல் வழியாகவே வந்தது.

ஓட்டல்காரனோடு தரகன் ஒருநாள் வந்தான். கூடத்தில் கொடியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"நேர்த்திக்கடனா?"

"ஆமா," என்றார் நசாரியோ.

"யாரு வாயால நிறையணும்?"

நசாரியோ கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே கசிமீரா முறுக்கிப் பிழிந்த துணியை உதறிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப திருவிழா கழிச்சு வரோம்," என்றான் தரகன். "இந்த ஊர்ல எந்தப் பத்திரக்காரரும் இப்ப இதத் தொடமாட்டார். அந்தம்மாவ சந்தோஷமா வெச்சுக்குங்க. புது வீட்ட உங்களுக்காகப் பிடிச்சு வெக்கறேன். ஷட்டர் வேலை செய்யுது."

நசாரியோ அன்று மாலை முழுவதும் யோசித்தார். வழி ஒன்றுதான். மனைவி மனசு நிறைய வேண்டும். திருவிழாவுக்குள் நிறைய வேண்டும். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்கு நிறைய வேண்டும்.

ஐஸ் ஆலையில் வேலை வாங்கின மனுஷன் இல்லையா? தன்னிடமே வேலை வாங்கினார். பாத்திரம் தேய்த்தார். ரொட்டிக்காரனுக்கு முன்னால் எழுந்து காபி போட்டார். கசிமீராவுக்குக் கால் வலித்தால் எண்ணெய் தடவினார், வலிக்காதபோதும் தடவினார். ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் லொத்தேரியா ஆட்டத்துக்குக் கூட்டிப் போய், கூப்பிடுகிற படத்தின்மேல் அவள் சீட்டுக்கும் சேர்த்துத் தானே சோளமணி வைத்தார். டிரம்பெட் வாத்தியாரைத் திரும்ப அழைத்து, முட்டியில் துணி கட்டிக்கொண்டு ஆடினார். சுற்றுலா பஸ் வந்தால் சட்டை போட்டுக்கொண்டு கை அசைத்தார்.

"ஏதாவது குறை இருக்கா?" என்று தினமும் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, கிழவா."

"நிஜமா?"

"நீ கேக்கறதே போதும்."

இதைக் கேட்டு நசாரியோவுக்கு நெஞ்சு லேசாயிற்று. கடற்கரைச் சாலைக்குப் போய்க் காரைத் துடைக்கும்போது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அதனிடம் சொன்னார்.

தெருப் பெண்கள் தங்கள் கணவர்களைக் கூட்டிவந்து நசாரியோ பாத்திரம் தேய்ப்பதைக் காட்டிவிட்டுப் போனார்கள். எர்மீலோவின் மனைவியும் காட்டினாள். எர்மீலோ ஒரு வாரம் பேசவில்லை.

"யோவ், உன்னால நேத்து நான் துணி துவைச்சேன்," என்றார் அப்புறம். "சீக்கிரம் அவ மனச நிறைச்சுத் தொலை. தெருவே தாங்காது."

திருவிழா வந்தது. கோயில் நிரம்பி வழிந்தது. கொடிகளை வரிசையாகப் பீடத்தின் முன் நிறுத்தினார்கள். தரகன் பின்வரிசையில் நின்று கட்டைவிரலைக் காட்டினான். நசாரியோ கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். வேர்த்து ஊற்றியது.

ஒப்தூலியா கசிமீராவைக் கைபிடித்துக் கொடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"கசிமீரா, உன் புருஷன் உன் சந்தோஷத்துக்காக நேர்ந்துக்கிட்டான். சாமி முன்னால நிக்கற. பொய் சொல்லாத. மனசு நிறைஞ்சுதா?"

கசிமீரா கண்ணை மூடினாள். நெஞ்சில் கை வைத்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறவள்போல நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து நசாரியோவைப் பார்த்தாள். அத்தனை அன்பாக அவள் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும்.

"முக்கால்வாசி," என்றாள்.

வாணம் வெடித்தது. பேண்டு முழங்கியது. கொடி வந்த வழியே ரோஸ் வீட்டுக்குத் திரும்பிற்று, நசாரியோ தோளில். தரகன் அடுத்த வருஷம் வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் போனான்.

நசாரியோ இடிந்து போகவில்லை. கணக்கு எளிது. ஒரே வருஷத்தில் முக்கால். மீதி இருப்பது கால். இந்த வேகத்தில் போனால் அடுத்த திருவிழாவுக்கு முன்பே வழிந்துவிடும். அவர் வேகத்தை இரட்டிப்பாக்கினார். வான்கோழிக் கருங்குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். மிளகாய்ப் புகையில் ஒரு வாரம் கண் திறக்கவில்லை. மனைவியின் மூன்று சகோதரிகளையும் வரவழைத்து ஒரு மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டார். மூவரும் பாடுவார்கள். அவள் ஜன்னலில் நின்று பேசும்போது பின்னால் நின்று விசிறினார். காரைத் துடைக்க நேரமில்லாமல் போனது. பெலிக்கன்கள் அதைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டன.

அடுத்த திருவிழா அன்று, கொடி முன்னால், ஒப்தூலியா அதே கேள்வியைக் கேட்டாள். கசிமீரா அதேபோல் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, நிதானமாக உள்ளே பார்த்தாள்.

"பாதி," என்றாள்.